ஹூவினகெரேக்கு மழையில் போன மார்கரெட் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை வகுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்தபோது கைபேசியில் ராபர்ட் சாரின் பெயர் தெரிந்தது. ஹூவினகெரே கோயில் விஷயத்தில் மனத்தாங்கல் வந்த பிறகு அவர் என்னை அழைத்ததே இல்லை. எடுத்தேன்.

"டீச்சர், மார்கரெட் போயிட்டாங்க. விடியக்காலையில. சேவியர் இப்பதான் சொன்னாரு. உங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களோ இல்லையோன்னு கூப்பிட்டேன்."

அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. மணி அடித்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் போய்க் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதி, போடச் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

மார்கரெட் அக்காவின் ஞாயிற்றுக்கிழமை வேனில் ஒரு தடவையாவது ஏறியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர் யாராவது படித்தால் ஒரு வார்த்தை: அவர் தொலைபேசி இலாகாவில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காக்ஸ் டவுனில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர். பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் இருக்கும் பழைய தேவாலயங்களைப் பார்க்க மாதம் ஒரு முறை ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனவர்.

அந்த வேன் புறப்படக் காரணமே ஒரு தவறான தகவல்தான். ராபர்ட் சார் ஓய்வு பெற்ற ஆர்க்கிடெக்ட். காக்ஸ் டவுனின் பழைய வீடுகளைக் காட்டுவதற்காக ஒரு பாரம்பரிய நடைக்கு ஏற்பாடு செய்திருந்தார். பிரேசர் டவுனிலிருந்து நானும் போயிருந்தேன். சிவப்பு ஓடு வேய்ந்த ஒரு வீட்டின் முன்னால் எங்களை நிறுத்தி, மரச்சட்டங்களின் அழகையெல்லாம் விளக்கிவிட்டு, "இந்த மாதிரி வீடுகள்ல இப்ப யாரும் வசிக்கிறதில்லை" என்றார். ஜன்னல் திறந்தது. நைட்டிக்கு மேல் துண்டு போட்ட ஓர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"நான் வசிக்கிறேனே. அவரும் இருக்காரு, பாத்ரூம்ல. உள்ள வாங்க, காபி போடறேன். வெயில்ல நின்னு என் வீட்டைப் பத்திப் பேசினா எனக்கு ஒரு மாதிரி இருக்குது."

எல்லோரும் உள்ளே போனோம். டம்ளர் போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கினார்கள். ராபர்ட் சாருக்கு முகம் சிவந்துபோயிருந்தது. ஆனால் அரைமணி நேரத்தில் அந்த இரண்டு பேரும், எந்தக் கிராமத்துக் கோயிலில் எந்த பிரெஞ்சு சாமியார் மணி வாங்கிப் போட்டார் என்று வாதாட ஆரம்பித்திருந்தார்கள். கிளம்பும்போது அக்கா, "பேசி என்னா பிரயோஜனம், ஒரு வேன் எடுங்க, போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றார். அடுத்த மாதமே போனோம்.

அவருக்குத் தமிழ், கன்னடம், ஆங்கிலம், தக்கினி உருது நான்கும் வாயில் தயாராக இருக்கும். ஆபரேட்டர் வேலை கொடுத்த வரம். கோலார் பக்கத்து ஊர் ஒன்றில், பூட்டிய கோயிலுக்குச் சாவி தேடிக்கொண்டிருந்தபோது, கறிக்கடை பாய் ஒருவரிடம் தக்கினியில் பேசினார். அவர் கடையை அப்படியே விட்டுவிட்டு எங்களுடன் நடந்து வந்து, கோயிலைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியாரின் வீட்டைக் காட்டினார். சாவி கிடைத்து உள்ளே போனதும் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார். "ஃபோட்டோ அப்புறம். முதல்ல உட்காருங்க. ஒரு வீட்டுக்குப் போனா நின்னுக்கிட்டேவா பேசுவீங்க?" பீடத்துப் படியில் ஏறி நின்று படம் பிடிக்கப் போன ஓர் இளம் என்ஜினியரை, "கண்ணு, இறங்கு. அது உங்க ஆபீஸ் ஸ்டேஜ் இல்ல" என்று சொன்னது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பையன் அதற்குப் பிறகு ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

நான் புராட்டஸ்டண்ட். புனிதர்களின் சுரூபங்களுக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் ஒதுங்கி நிற்பேன். ஒருநாள் அக்கா என் கையைப் பிடித்து இழுத்து, "அந்தோணியாருக்கு உன்னைப் பத்தி ஒண்ணும் கம்ப்ளெயின்ட் இல்ல. பக்கத்துல உட்காரு" என்றார். அன்றிலிருந்து வேனில் எனக்கு அவர் பக்கத்து இருக்கை. அவருடைய கணவர் சேவியர் அங்கிள் பின்னால் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டு வருவார். அங்கிளுக்குப் பழைய கட்டடங்களில் துளியும் ஆர்வம் இல்லை. மனைவி போகும் இடமெல்லாம் போவதில் ஆர்வம் இருந்தது.

ஹூவினகெரே கனகபுரா சாலையில் போய், ஏரிக்கரையோரம் திரும்பினால் வரும் சிற்றூர். அங்கிருந்த கோயிலைப் போல ஒன்றை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. சுண்ணாம்பு பூசிய தடித்த மண்சுவர், நாட்டு ஓட்டுக் கூரை, வாசலில் இரண்டு குட்டைத் தூண்கள் தாங்கிய சின்ன முன்மண்டபம். பீடத்துக்கு மேலே யாரோ உள்ளூர்க்காரர் வானம் வரைந்திருந்தார். நட்சத்திரங்கள் எல்லாம் மல்லிகைப்பூ மாதிரி இருந்தன. அக்கா அந்த முன்மண்டபத்தில் உட்கார்ந்து தூணைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல. "இதை விட்டு எப்படிப் போறது" என்றார். அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் திரும்பும்போது, முடிந்தால், ஹூவினகெரே வழியாகவே வேன் வந்தது.

அந்தக் கோயிலை இடித்துவிட்டு கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எங்கள் குழுவில் எல்லோருக்கும் கோபம் வந்தது. ராபர்ட் சாருக்குத் தூக்கமே போய்விட்டது. மனு எழுதுவது, பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவருவது, பிரேசர் டவுனில் ஒரு மண்டபம் எடுத்துப் புகைப்படக் கண்காட்சி வைப்பது என்று திட்டம் போட்டார். ஊர்க்காரர்களிடம் பேசிச் சம்மதிக்க வைக்கும் வேலை அக்காவுக்கு. அவர் பேசினால் யாரும் மறுக்க மாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினோம். அவரும் நம்பினார்.

தேர்த் திருவிழா அன்று போனோம். பூசைக்கு ஊரே திரண்டிருந்தது. பாதிப் பேருக்கு மேல் உள்ளே இடமில்லாமல் வெளியில் வெயிலில் நின்றார்கள். பூசை முடிந்ததும் கோயில் கமிட்டிக்காரர்களிடம் அக்கா பேச ஆரம்பித்தார். கட்டடத்தின் வயது, அருமை, இப்படி ஒன்று இனிமேல் யாராலும் கட்ட முடியாது என்றெல்லாம் நல்ல கன்னடத்தில் சொன்னார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து, பட்டுப்பூச்சி வளர்க்கும் லூர்து மேரி என்ற அம்மாள், அவருக்கும் அறுபதுக்கு மேல் இருக்கும், மெதுவாக ஒன்று சொன்னார்.

"நீவு நோடக்கே பர்த்தீரா, நாவு இல்லி இர்த்தீவி."

நீங்கள் பார்க்க வருகிறீர்கள், நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று அர்த்தம். அதில் கோபம் இல்லை. தொடர்ந்து சொன்னார்: "என் மாமனாரை உள்ளே வைத்திருந்தபோது சவப்பெட்டிக்குள்ளே மழை சொட்டியது அக்கா. என் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் ஒரு மழைக்கு வந்ததே இல்லையே."

திரும்பி வரும்போது வேனில் அக்கா வாயே திறக்கவில்லை. அவர் பேசாத வேனில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. என் வீட்டு முனையில் இறங்கும்போது மட்டும், "டீச்சர், மழை நாள்ல ஒரு ஞாயித்துக்கிழமை வர்றியா? நம்ம ரெண்டு பேரு மட்டும்" என்றார்.

போனோம். சேவியர் அங்கிள்தான் காரோட்டினார். வழியெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தது. கோயிலுக்குள் போனதும் கண்ட காட்சி இன்றும் அப்படியே நிற்கிறது. எங்கெங்கே சொட்டும் என்று அந்த ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த இடங்களை விட்டுவிட்டு, நடுநடுவே தீவு தீவாக உட்கார்ந்திருந்தார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் காலியான இடம் என்று போய் உட்காரப் பார்த்தோம். ஒரு பெண் அக்காவின் கையைத் தொட்டு, அங்கே நனைவீர்கள் என்று தன் பக்கத்தில் நகர்ந்து இடம் கொடுத்தாள். பிரசங்கம் பாதி காதில் விழவில்லை. ஓட்டின் மேல் மழை அப்படி அடித்தது. மல்லிகை நட்சத்திரங்களின் மேல் ஒரு பழுப்புக் கறை இறங்கிக்கொண்டிருந்தது. நற்கருணை வாங்கத் தரையில் வழுக்காமல் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பூசை முடிந்து லூர்து மேரி எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். தலை துவட்டத் துண்டும் சூடான ராகிக் கஞ்சியும் கொடுத்தார். பேச்சோடு பேச்சாக, "நான் கல்யாணமாகி வந்த புதுசில் பெண்களெல்லாம் பக்கவாட்டு வாசல் வழியாகத்தான் உள்ளே போவோம்" என்றார். அக்கா கஞ்சியைக் கீழே வைத்தார். எந்த வாசல் என்று கேட்டார். இரண்டு பக்கமும் பெரிய வாசல்கள் இருந்தனவாம். காற்று அடிக்கிறது, ஆடு வருகிறது என்று ஒரு பங்குச்சாமியார் காலத்தில் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்களாம். மழை விடுவதற்கு முன்பே இருவரும் ஒரே குடையில் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். பொத் பொத்தென்ற மண்சுவரின் நடுவே ஓரிடத்தில் சத்தம் மாறியது.

அந்த வாரம் அக்கா ராபர்ட் சார் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கிறார். அடைத்த வாசல்களைத் திறந்து, இரண்டு பக்கமும் கொட்டகை போட்டால் வெளியில் நிற்பவர்களும் பீடத்தைப் பார்க்கலாம், கூரையை மாற்றினால் மழையும் தீர்ந்தது, இடிக்கவே வேண்டியதில்லை என்று. ராபர்ட் சார் ஒப்புக்கொள்ளவில்லை. ஒட்டுக்கொட்டகை போட்டால் கோயிலின் உருவமே கெட்டுவிடும், கூரையைத் தொட்டால் பிறகு அதில் காப்பாற்ற ஒன்றுமில்லை என்றார். கண்காட்சிக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்றும் சொல்லியிருக்கிறார்.

பிரேசர் டவுன் மண்டபத்தில் அன்று மாலை நல்ல கூட்டம். சுவர் முழுக்க ஹூவினகெரேயின் படங்கள், எல்லாம் வெயில் நாளில் எடுத்தவை. அக்கா பேச வேண்டிய முறை வந்தது. அவர் மேடையேறி ஒலிபெருக்கியைச் சரிசெய்து, "எனக்குப் பதிலா இவங்க பேசுவாங்க. நான் கூட நின்னு தமிழ்ல சொல்றேன்" என்று லூர்து மேரியை அழைத்தார். அவர் வந்திருப்பதே எங்கள் யாருக்கும் தெரியாது. பேருந்து மாறி மாறி வந்திருந்தார். பட்டுச்சேலை கட்டியிருந்தார், கால் விரல்களில் மட்டும் மல்பெரித் தோட்டத்துச் சேறு போகாமல் இருந்தது. சுற்றிலும் இருந்த படங்களைக் காட்டி, "நன்றாக இருக்கிறது. எங்கள் கோயில் இவ்வளவு அழகு என்று எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கும் அதை இடிக்க மனசில்லை. ஆனால் நனையாமல் ஒரு பூசை பார்க்க வேண்டும்" என்றார். அக்கா ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னார், இரண்டு ஊருக்கு நடுவே லைன் போட்டுக் கொடுப்பதுபோல, தன் பங்குக்கு ஒரு சொல்கூடச் சேர்க்காமல்.

கூட்டம் கலைந்த பிறகு படங்களைக் கழற்றும்போது ராபர்ட் சார் அக்காவிடம் வந்தார்.

"நீங்களே இப்படிப் பண்ணுவீங்கன்னு நினைக்கல மார்கரெட். நம்ம வேலையெல்லாம் வீணாப்போச்சு."

"ராபர்ட், அன்னைக்கு ரோட்டுல நின்னு என் வீட்டைக் காட்டினீங்களே, நான் ஜன்னலைத் திறக்காம இருந்திருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"எனக்கு ஒண்ணுதான்."

அவர் கழற்றிய படங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளில் தனியாக ஒரு குழு தொடங்கினார். வேனில் பாதிப் பேர் அவருடன் போனார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தக் கோயிலை அவர்களும் நேசித்தார்கள். நான் அக்காவுடன் இருந்துவிட்டேன்.

ஹூவினகெரே கமிட்டியார் பல கூட்டங்கள் போட்டுக் கடைசியில் இடிப்பதில்லை என்று முடிவுசெய்தார்கள். பக்கத்து ஊர் மேஸ்திரி ஒருவர் வந்து வாசல்களைத் திறந்தார். செங்கலை எடுக்க எடுக்க, உள்ளே அழகான வளைவுகள் அப்படியே இருந்தன. இரண்டு பக்கமும் தகரக் கொட்டகை வந்தது. கூரைக்கும் தகரம் போட்டு, முகப்புப் பக்கம் மட்டும் பழைய ஓட்டை மேலே அடுக்கினார்கள். எல்லாம் அக்கா விரும்பியபடி நடந்துவிடவில்லை. சவப்பெட்டியை நேராக உள்ளே கொண்டுவர முடியவில்லை என்று முன்மண்டபத்தை இடித்துவிட்டார்கள். அன்று கமிட்டியில் அக்கா வாதாடிப் பார்த்தார், தோற்றார். "சரி, உங்க கோயில்" என்று சொல்லிவிட்டு வந்து காரில் உட்கார்ந்து அழுதார். சேவியர் அங்கிள் கனகபுராவில் வண்டியை நிறுத்தி ஒரு இளநீர் வாங்கிக்கொடுத்தார். பாதி குடித்துவிட்டு, "மழை வந்தா சத்தம் முன்னைவிட ஜாஸ்தியா இருக்கும், தகரம் இல்ல? சாமியார் கத்தித்தான் பிரசங்கம் வைக்கணும்" என்று சிரித்தார்.

வானம் வரைந்த சுவரைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் யாரும் கிடைக்கவில்லை. ஊர்ப் பெண்களே கறையைச் சுரண்டிவிட்டு நட்சத்திரங்களை மறுபடி வரைந்தார்கள். அவை முன்போல் இல்லை. சற்றுப் பெரிதாக, செவ்வந்திப்பூ மாதிரி இருக்கின்றன. அக்காவுக்கு அவை பிடித்திருந்தன.

இந்த வருடம் அவருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. மருத்துவமனைக்கு நான் போனபோது மூச்சு வாங்கிக்கொண்டே நர்ஸிடம் மலையாளம் கற்றுக்கொண்டிருந்தார். "அஞ்சாவது பாஷை" என்றார் என்னிடம். பிறகு, "ராபர்ட் கிட்ட இப்பல்லாம் பேசறியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அந்த ஆளு மோசமில்ல. அழகா இருந்தா அவருக்குக் கண்ணு மறைச்சிடும், அவ்வளவுதான். எனக்கும் மறைச்சது. எனக்கு ஒரு லூர்து மேரி கிடைச்சா." நீங்களே அவரிடம் பேசுங்கள் என்று நான் சொன்னதற்கு, உடம்பு தேறட்டும் என்றார். தேறவில்லை.

அடக்கத்துக்கு ஹூவினகெரேயிலிருந்து ஒரு டெம்போ நிறைய ஜனங்கள் வந்திருந்தார்கள். நம் ஊரில் கோயிலுக்குள் தமிழா கன்னடமா என்பது எவ்வளவு பெரிய சண்டை என்று உங்களுக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்தில் தமிழ்ப் பாட்டுகள் முடிந்ததும் லூர்து மேரி சேவியர் அங்கிளிடம் வந்து, நாங்கள் ஒன்று பாடலாமா என்று கேட்டார். அங்கிள் தலையாட்டினார். கன்னடத்தில் மாதாவுக்கான ஒரு பாட்டைப் பாடினார்கள். தெரிந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். தெரியாத நாங்கள் ராகத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

ராபர்ட் சார் சற்றுத் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். மண் போட்டு முடிந்ததும் லூர்து மேரியிடம் வந்தார். தன்னை அடையாளம் தெரிகிறதா என்று கேட்கவில்லை. தட்டுத் தடுமாறிய கன்னடத்தில், "இப்ப கூரை ஒழுகுதா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றார் அவர், தமிழில்.

"நல்லது" என்று சொல்லிவிட்டு ராபர்ட் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். லூர்து மேரி அவர் முழங்கையைப் பிடித்து, டெம்போ நின்ற பக்கம் மெல்ல அழைத்துப் போனார். அங்கே அவர்கள் எல்லோருக்கும் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

மார்கரெட் அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது என்ன என்று இந்தச் சில வாரங்களாக நினைத்துப் பார்க்கிறேன். பழைய கட்டடங்களைப் பற்றி நான் கற்றதில் பாதி இப்போதே மறந்துவிட்டது. வளைவின் பெயர்களும் சாமியார்களின் பெயர்களும் ஒன்றோடொன்று குழம்புகின்றன. ஆனால் எனக்குச் சொந்தக்காரர் யாருமில்லாத ஒரு ஊரில், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிறது. அது அவர் கொடுத்தது. போன வாரம் லூர்து மேரி போன் செய்தார். தேர்த் திருவிழாவுக்குச் சமைக்க இந்தத் தடவை கை போதாதாம், முந்தின நாளே வந்துவிட முடியுமா, வெங்காயம் உரிக்க வேண்டும் என்றார். பள்ளியில் லீவு சொல்லிவிட்டேன்.